கேலண்டரும் மின்னஞ்சலும் போனில் ஒத்துவராவிட்டால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

போனில் கேலண்டரோ மின்னஞ்சலோ தகராறு செய்தால், கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் காரியம். கடையில் கொடுத்தாலும் அநேகமாக அதையே செய்து தருவார்கள். சில நேரம் பிழை போய்விடும். சில நேரம், போனுக்குள் மட்டுமே இருந்த குறிப்புகளும் அனுப்பாமல் கிடந்த கடிதங்களும் சேர்ந்து போய்விடும். அதனால் அந்த வேலையை இங்கே கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அதுவரை போகவேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

மெனுப் பெயர்கள் சாம்சங்கில் ஒன்று, ஷாவ்மியில் ஒன்று, ஐபோனில் வேறொன்று. பதிப்பு மாறினால் அதுவும் மாறும். நான் சொல்லும் பெயர் கண்ணில் படாவிட்டால் அமைப்புகளின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் 'சிங்க்', 'அக்கவுண்ட்ஸ்', 'பேட்டரி' என்று தேடுங்கள், வந்துவிடும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

நிகழ்ச்சியும் கடிதமும் உண்மையில் இருக்குமிடம் சர்வர், அதாவது கூகுள் போன்ற நிறுவனத்தின் கணினி. போனில் தெரிவது நகல். பதிவு அலுவலகத்தில் மூலப்பத்திரம் பத்திரமாக இருக்கும்போது, வீட்டில் ஜெராக்ஸைக் காணோம் என்று பதறுவதில் பயனில்லை. ஆகவே முதல் கேள்வி: மூலம் இருக்கிறதா?

கணினி ஒன்றில் பிரவுசரைத் திறந்து, போனில் இருக்கும் அதே கணக்கில் உள்ளே செல்லுங்கள். கணினி இல்லையென்றால் போனின் பிரவுசரிலேயே 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அது உங்களை மறுபடி செயலிக்கே தள்ளிவிடும். அங்கே நாளை மாலை 4 மணிக்கு 'சோதனை அ' என்று ஒரு நிகழ்ச்சி போடுங்கள். போனில் 5 மணிக்கு 'சோதனை ஆ' என்று இன்னொன்று. சில நிமிடம் பொறுங்கள்.

இரண்டும் இரண்டு இடத்திலும் தெரிந்தால் ஒத்திசைவு ('சிங்க்'), அதாவது போனும் சர்வரும் ஒன்றையொன்று பார்த்துப் புதுப்பித்துக்கொள்வது, சரியாகத்தான் நடக்கிறது. கோளாறு நேர மண்டலத்திலோ, நினைவூட்டலிலோ, எதைக் காட்டுவது என்ற தேர்விலோ இருக்கிறது. 'அ' போனுக்கு வரவில்லை என்றால் போன் சர்வரிடம் கேட்கவே இல்லை, அல்லது அந்தக் கேலண்டரைத் திரையில் காட்டவில்லை. 'ஆ' கணினிக்குப் போகவில்லை என்றால் அநேகமாகப் போன் அதை வேறெங்கோ எழுதி வைத்திருக்கிறது. மின்னஞ்சலுக்கும் இதே சோதனைதான்: வேறொரு முகவரியிலிருந்து உங்களுக்கே ஒன்று அனுப்பி, அது பிரவுசரில் தெரிகிறதா, போனில் தெரிகிறதா என்று பாருங்கள். பிரவுசரிலேயே இல்லாத கடிதத்தைப் போனின் அமைப்புகளில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

"போனில் குறித்து வைத்தேன், கணினியில் இல்லை"

ஒரே கேலண்டர் செயலிக்குள் பல கேலண்டர்கள் குடியிருக்கின்றன. கூகுள் கணக்கினுடையது ஒன்று, அலுவலகக் கணக்கினுடையது ஒன்று, போன் தயாரித்த நிறுவனத்தின் கணக்கினுடையது ஒன்று, எந்தக் கணக்கையும் சாராமல் போனின் நினைவகத்தில் மட்டும் இருப்பது ஒன்று. திரையில் எல்லாம் கலந்து ஒரே மாதமாகத் தெரிவதால், எதில் எழுதுகிறோம் என்பது நமக்குத் தெரிவதில்லை.

புதிய நிகழ்ச்சியைத் தட்டச்சு செய்யும் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தலைப்பு, தேதி, நேரம் ஆகியவற்றோடு ஒரு சின்ன வண்ணப் புள்ளியும் அதன் பக்கத்தில் ஒரு வரியும் இருக்கும். அந்த வரியில் உங்கள் மின்னஞ்சல் முகவரி இருந்தால் நிகழ்ச்சி சர்வருக்குப் போகும். 'மை கேலண்டர்', 'போன்', 'லோக்கல்' என்பது போல எதுவாவது இருந்தால் எங்கும் போகாது. போன் தொலைந்தால் அதுவும் தொலைந்தது.

பழைய நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, திருத்தும் பக்கத்தில் அந்த வரியைத் தொட்டு, சரியான கணக்குக்கு மாற்றிச் சேமியுங்கள். சில செயலிகள் இந்த மாற்றத்தை அனுமதிப்பதில்லை. அங்கே புதிதாக எழுதுவதைத் தவிர வழியில்லை. நிறைய இருந்தால், வாகனக் காப்பீடு புதுப்பிக்கும் நாள், மருத்துவரைப் பார்க்கும் நாள் என்று தவறினால் நஷ்டம் வரக்கூடியவற்றை முதலில் மாற்றுங்கள். முடிந்துபோன கூட்டங்கள் எங்கே கிடந்தால் என்ன.

இனிமேல் எழுதுபவை தவறான இடத்துக்குப் போகாமலிருக்க இயல்பான கேலண்டரைத் தீர்மானித்துவிட வேண்டும். ஐபோனில் அமைப்புகளில் 'கேலண்டர்' பகுதிக்குள் 'டிஃபால்ட் கேலண்டர்' என்று இருக்கும். புதிய பதிப்புகளில் 'ஆப்ஸ்' என்ற தலைப்புக்குள் புகுந்துதான் அதை அடைய முடியும். ஐபோனின் குரல் உதவியாளரான சிரியிடம் வாயால் சொல்லிக் குறிக்கவைப்பவையும் இந்த இயல்பான கேலண்டருக்குத்தான் போகும். கூகுள் கேலண்டரில் தேடித் தேடிக் கிடைக்காத நிகழ்ச்சிகள் ஆப்பிளின் சர்வரான ஐகிளவுடில் சுகமாக உட்கார்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

"கணினியில் இருக்கிறது, போனுக்கு வரவில்லை"

ஆண்ட்ராய்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு சுவிட்சுகள் இருக்கின்றன. ஒன்று அணைந்திருந்தாலும் மற்ற மூன்றும் வீண். மேலிருந்து கீழே வருவோம்.

முதலாவது, போன் முழுவதற்குமான தானியங்கி ஒத்திசைவு. அமைப்புகளில் 'அக்கவுண்ட்ஸ்' பக்கத்தின் அடியில் இருக்கும். பேட்டரி சேமிப்பு முறையை நிரந்தரமாக இயக்கி வைத்திருப்பவர்களுக்குப் பின்னணி ஒத்திசைவு அதனாலேயே தடைபடலாம்.

இரண்டாவது, அந்தக் கணக்குக்குள் இருக்கும் பட்டியல். கூகுள் கணக்கைத் தொட்டு 'அக்கவுண்ட் சிங்க்' என்பதற்குள் போனால் கேலண்டர், ஜிமெயில், கான்டாக்ட்ஸ் என்று தனித்தனி சுவிட்சுகள் தெரியும். ஒவ்வொன்றின் கீழும் கடைசியாக எப்போது ஒத்திசைந்தது என்ற தேதியும் நேரமும் சிறிய எழுத்தில் இருக்கும். இந்தப் பக்கத்தில் மிகவும் பயனுள்ள தகவல் அதுதான். ஜிமெயிலுக்கு இன்றைய நேரமும் கேலண்டருக்குப் போன மாதத் தேதியும் இருந்தால், கணக்கில் கோளாறு இல்லை, கேலண்டர் மட்டும் நின்றிருக்கிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மூன்று புள்ளி மெனுவில் 'சிங்க் நவ்' கொடுத்து, தேதி மாறுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, கூகுள் கேலண்டர் செயலியின் அமைப்புகளுக்குள் ஒவ்வொரு கேலண்டருக்கும் தனியாக இருக்கும் 'சிங்க்' சுவிட்சு. பிறர் பகிர்ந்த கேலண்டர்கள் இங்கேதான் பெரும்பாலும் அணைந்து கிடக்கும். பட்டியலில் பெயரே தெரியவில்லை என்றால் 'ஷோ மோர்' என்பதைத் தொடுங்கள்.

நான்காவது, செயலியின் இடப்பக்க மெனுவில் கேலண்டர் பெயருக்கு முன்னால் இருக்கும் டிக். கை பட்டு டிக் போனாலும் ஒரு கேலண்டர் முழுவதும் திரையிலிருந்து மறைந்துவிடும். அழியவில்லை, மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஐபோனின் சொந்தக் கேலண்டர் செயலியில் கூகுள் கணக்கைச் சேர்த்தவர்களுக்கு ஒரு விசேஷமான சிக்கல் உண்டு. உங்களுடைய கேலண்டர் வரும், மற்றவர் பகிர்ந்தது வராது. இதற்கான தேர்வு ஐபோனில் எங்கும் கிடையாது. கூகுளின் பக்கம் 'சிங்க் செலக்ட்' என்று ஒரு தனி வலைப்பக்கம் இருக்கிறது. பிரவுசரில் 'கூகுள் கேலண்டர் சிங்க் செலக்ட்' என்று தேடித் திறந்து, வேண்டிய கேலண்டர்களுக்கு டிக் போட்டுச் சேமித்த பிறகு, ஐபோனின் கேலண்டர்ஸ் பட்டியலைக் கீழே இழுத்துப் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவு அவசியமான பக்கத்தை இப்படி ஒளித்து வைத்தது ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

புதியவை எல்லாம் வந்து பழையவை மட்டும் இல்லை என்றால் அது பழுதல்ல, வரம்பு. ஐபோன் கேலண்டர் அமைப்புகளில் 'சிங்க்' என்பதற்குள் எவ்வளவு காலம் பின்னோக்கி வைத்திருப்பது என்று கேட்கும். 'ஆல் ஈவென்ட்ஸ்' கொடுங்கள். ஆண்ட்ராய்டின் ஜிமெயில் செயலி இயல்பாக 30 நாள் கடிதங்களைத்தான் போனுக்குள் வைக்கும். இணையம் இல்லாத இடத்தில் பழைய கடிதம் தேவைப்படும் என்றால் அந்த எண்ணைக் கூட்டுங்கள்.

இணைய முகவரி கொடுத்துச் சேர்க்கும் கேலண்டர்கள், அதாவது கிரிக்கெட் அட்டவணை, கல்லூரியின் தேர்வு அட்டவணை போன்றவை, மெதுவாகத்தான் புதுப்பிக்கப்படும். கூகுள் கேலண்டரில் மாற்றம் வந்து சேர 12 மணி நேரம் வரை ஆகலாம். ஆட்டம் தொடங்கும் நேரம் இன்று காலை மாறியிருந்தால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். அதே கோப்பை 'இம்போர்ட்' செய்திருந்தால் இன்னும் மோசம். அன்றைய நிலவரத்தின் நகல் அது. பிறகு எத்தனை மாற்றம் வந்தாலும் அசையாது.

"செயலியைத் திறந்தால்தான் கடிதம் வருகிறது"

ஆண்ட்ராய்டில் இதற்கு முக்கால்வாசி பேட்டரிதான் காரணம். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போனில் பின்னணிச் செயலிகளை அடக்கி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மேல் போன் நிறுவனங்கள் தங்கள் பங்குக்குக் கடுமையான விதிகளைச் சேர்த்திருக்கின்றன. பேட்டரி இரண்டு நாள் வருகிறது என்று விளம்பரம் செய்ய வேண்டுமல்லவா.

சாம்சங்கில் பேட்டரி அமைப்புகளுக்குள் 'பேக்கிரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்' என்று இருக்கும். அங்கே 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' என்ற இரண்டு பட்டியல்களைப் பாருங்கள். இரண்டாவதில் மாட்டிய செயலி நீங்கள் திறக்கும்வரை எழுந்திருக்காது. மின்னஞ்சலையும் கேலண்டரையும் அங்கிருந்து எடுத்து, 'நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் சேருங்கள். ஷாவ்மி வகைப் போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி தனியாக இருக்கிறது. அதைக் கொடுத்து, பேட்டரி பகுதியில் 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' தேர்ந்தெடுங்கள். ஓப்போ, விவோ, ரியல்மி போன்களிலும் பின்னணியில் இயங்க அனுமதிப்பது பற்றிய சுவிட்சு அந்தச் செயலியின் பேட்டரிப் பக்கத்தில் கிடைக்கும். வைஃபையில் வந்து, மொபைல் டேட்டாவில் வரவில்லை என்றால் மட்டும் 'டேட்டா சேவர்' பக்கம் போங்கள்.

பேட்டரி சரியாக இருந்தும் சத்தம் வராவிட்டால் ஜிமெயிலின் உள்ளே பாருங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் அறிவிப்பு 'ஆல்', 'ஹை பிரையாரிட்டி ஒன்லி', 'நன்' என மூன்று வகை. நடுவில் இருப்பது தேர்வாகியிருந்தால், எது முக்கியம் என்பதை ஜிமெயில்தான் தீர்மானிக்கும். உங்கள் மேலாளரின் கடிதம் அதன் பார்வையில் முக்கியமில்லாமல் போகலாம்.

ஐபோனில் கதை வேறு. அதன் 'மெயில்' செயலியில் ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கடிதம் வந்த கணமே வராது. இலவசக் கணக்குகளுக்குக் கொடுத்துவந்த, 'எக்ஸ்சேஞ்ச்' என்ற மைக்ரோசாஃப்ட் அஞ்சல் முறை வழியான உடனடி இணைப்பை, புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு 2013 ஜனவரி இறுதியோடு கூகுள் நிறுத்திவிட்டது. அதிலிருந்து ஐபோன் அவ்வப்போது போய்க் கேட்டு வாங்கிவருகிறது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பது மெயில் கணக்குகள் பகுதியில் 'ஃபெட்ச் நியூ டேட்டா' என்பதற்குள் இருக்கிறது. அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி' என்ற தேர்வு பெயரைக் கேட்டால் நம்பிக்கை தருகிறது. ஆனால் அதன் பொருள், போன் சார்ஜில் இருந்து வைஃபையும் இருந்தால் மட்டும் பின்னணியில் எடுத்துவரும் என்பது. பகல் முழுக்க வெளியில் சுற்றுபவர் '15 நிமிடம்' என்பதை வைக்க வேண்டும். 'லோ பவர் மோட்' மஞ்சள் நிறத்தில் எரிந்தால் அதுவும் நின்றுவிடும். உடனுக்குடன் வேண்டும் என்றால் ஜிமெயில் செயலியையே ஐபோனில் போட்டுக்கொள்வது உத்தமம். ஒரே கடிதத்துக்கு இரண்டு செயலிகளும் மணியடிக்காமலிருக்க ஒன்றின் அறிவிப்பை அணைத்துவிடுங்கள்.

"கடவுச்சொல் சரிதான், ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது"

பழைய மின்னஞ்சல் செயலியில் பல ஆண்டுகள் ஓடிய கணக்கு ஒருநாள் திடீரென்று நின்றால், கடவுச்சொல்லை மட்டும் வாங்கி உள்ளே விடும் பழைய முறை மூடப்பட்டிருக்கிறது என்று பொருள். கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு இதை 2022 மே 30-இல் நிறுத்தியது. அவுட்லுக், ஹாட்மெயில் போன்ற தனிநபர் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16-இல் நிறுத்தியது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பலன் இல்லை.

கணக்கைச் சேர்க்கும்போது 'அதர்' அல்லது 'ஐமேப்' என்று கொடுக்காமல், பட்டியலில் உள்ள கூகுள் அல்லது அவுட்லுக் பெயரைத் தொடுங்கள். அந்த நிறுவனத்தின் சொந்த உள்நுழைவுப் பக்கம் திறந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். செயலி பழையது, அந்தப் பக்கம் திறக்கவே இல்லை என்றால், கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துகள் கொண்ட 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை உருவாக்கிக் கடவுச்சொல்லுக்குப் பதில் அதைக் கொடுக்கலாம். பின்னால் கூகுள் கடவுச்சொல்லை மாற்றினால் இந்த 16 எழுத்துகளும் செல்லாமல் போகும். மறுபடி உருவாக்க வேண்டும்.

இன்னொன்று அற்பமாகத் தோன்றும்: போனின் கடிகாரம். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதி ஆனவை போலத் தெரிந்து இணைப்பே நடக்காது. பேட்டரி முற்றிலும் தீர்ந்து வெகுநாள் கிடந்த போனில் இதை முதலில் பாருங்கள். நேரத்தைத் தானியங்கியாக வைப்பது போதும்.

அலுவலகக் கணக்கு என்றால், திரைப்பூட்டு கட்டாயம், நிறுவனத்தின் மேலாண்மைச் செயலி கட்டாயம் என்று விதிகள் இருக்கலாம். அதை நீங்கள் போனில் சரிசெய்ய முடியாது. ஐ.டி. பிரிவைக் கேளுங்கள்.

"போனில் பார்த்த கடிதம் கணினியில் காணவில்லை"

கணக்கு 'பாப்' முறையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த முறை கடிதங்களைச் சர்வரிலிருந்து இறக்கி, அமைப்பைப் பொறுத்து அங்கிருந்து அழித்தும்விடும். ஒரே கணினியில் மட்டும் மின்னஞ்சல் பார்த்த காலத்துக்கு அது பொருத்தம். இன்றைக்கு வேண்டியது 'ஐமேப்': படித்தது, அழித்தது, கோப்புறைக்கு மாற்றியது எல்லாம் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாகத் தெரியும். கணக்கின் அமைப்புகளில் உள்வரும் சர்வருக்கு எதிரே இருக்கும் 'போர்ட்' எண்ணைப் பார்த்தால் போதும். 995 என்றால் பாப், 993 என்றால் ஐமேப். சொந்த இணையதளப் பெயரில் மின்னஞ்சல் வைத்திருக்கும் சிறு வியாபாரிகளின் போன்களில் இந்த 995 இன்னும் அடிக்கடி தென்படுகிறது. ஐமேப் கணக்கைப் புதிதாகச் சேர்த்த பிறகும் பழைய பாப் கணக்கை அவசரப்பட்டு நீக்கவேண்டாம். சர்வரில் இல்லாத பழைய கடிதங்கள் அதற்குள் மட்டும்தான் இருக்கின்றன.

"புதுக் கடிதமே வரவில்லை", "அனுப்பியது போகவில்லை"

வராவிட்டால் இடம் தீர்ந்திருக்கலாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டும் உரியதல்ல. டிரைவும் போட்டோஸும் பங்குக்கு வரும். கல்யாண வீடியோக்கள் நிறைந்தால் கடிதம் நிற்கும். அனுப்பியவருக்கு அது திரும்பிப் போகும். உங்களுக்கு எதுவும் தெரியாது. ஜிமெயில் தேடலில் பெரிய இணைப்புக் கோப்புகள் உள்ள கடிதங்களை வடிகட்டி அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். தொட்டியில் கிடப்பதும் இடத்தில் சேரும்.

போகாவிட்டால், அனுப்பக் காத்திருக்கும் கடிதங்கள் கிடக்கும் 'அவுட்பாக்ஸ்' பாருங்கள். இணைப்புக் கோப்பு பெரிதாக இருக்கலாம்: ஜிமெயிலில் அதன் வரம்பு 25 எம்பி.

"நேரம் மாறித் தெரிகிறது"

இதில்தான் உண்மையான நஷ்டம் வரும்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூரிலிருந்து திரும்பும் விமானத்தைக் குறிக்கிறீர்கள். டிக்கெட்டில் காலை 10:00 என்று இருக்கிறது. கேலண்டரிலும் 10:00 என்றே போடுகிறீர்கள். போனுக்கு அது இந்திய நேரம் 10:00. சிங்கப்பூரில் இறங்கியதும் போன் அங்கத்திய நேரத்துக்கு மாறும். அந்த நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால். நிகழ்ச்சி 12:30-க்கு நகர்ந்து நிற்கும். கேலண்டரை நம்பிப் புறப்பட்டால் விமானம் போயிருக்கும். கேலண்டர் கணக்கில் தவறு செய்யவில்லை, எந்த ஊர் 10:00 என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

சொல்லும் வழி எளிது. நிகழ்ச்சியைத் திருத்தும் பக்கத்தில் நேரத்துக்கு அருகில் நேர மண்டலம் என்று ஒரு வரி இருக்கும். 'மோர் ஆப்ஷன்ஸ்' தொட்ட பிறகும் தெரியலாம். அதில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்துவிட்டு 10:00 போடுங்கள். சென்னையில் 7:30 என்று காட்டும்; பதற வேண்டாம், அங்கே போனதும் 10:00 ஆகும்.

வெளிநாட்டு அலுவலகத்தோடு வாராந்தரக் கூட்டம் உள்ளவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. நியூயார்க்கில் காலை 9:00 என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு 7:30, கோடைகாலத்தில் மாலை 6:30. அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னால் இழுக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய அழைப்பானால் உங்கள் போனில் நேரம் தானாக மாறும், மாறுவதுதான் சரி. நீங்களே 7:30 என்று திரும்பும் நிகழ்ச்சியாகப் போட்டிருந்தால் மாறாது. மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, கூட்டம் முடியும் நேரத்துக்கு உள்ளே நுழைவீர்கள். பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் மாறுகின்றன என்பதால், இடைப்பட்ட வாரங்களில் மூன்று ஊர்க்காரர்கள் சேரும் கூட்டம் குழப்பத்தின் உச்சம். அந்தக் கூட்டத்தை நடத்துபவரே அழைப்பு அனுப்பட்டும் என்று விட்டுவிடுங்கள்.

எல்லா நிகழ்ச்சிகளும் ஒரே அளவு தள்ளி நின்றால் மட்டும் செயலியின் அமைப்பைத் தொடுங்கள். கூகுள் கேலண்டரில் 'யூஸ் டிவைஸ் டைம் ஜோன்' இயங்க வேண்டும். ஐபோனில் 'டைம் ஜோன் ஓவர்ரைடு' அணைந்திருக்க வேண்டும்.

பிறந்தநாள் போன்ற முழுநாள் நிகழ்ச்சி ஒருநாள் முன்னால் தெரிந்தாலோ இரண்டு நாளில் பரவிக் கிடந்தாலோ, அது வேறொரு செயலியிலிருந்து வந்தபோது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்ற நேரமாக மாறியிருக்கிறது. இந்திய நள்ளிரவு என்பது சர்வதேச நேரத்தில் முந்தைய நாள் மாலை 6:30. திறந்து 'ஆல் டே' சுவிட்சைப் போட்டு, தேதியைச் சரிசெய்யுங்கள்.

"திரும்ப வரவேண்டிய நிகழ்ச்சி சில மாதம் வரவில்லை"

மாதந்தோறும் 31-ஆம் தேதி என்று போட்டிருக்கிறீர்கள். கேலண்டர்களின் பொது விதிப்படி, இல்லாத தேதி தவிர்க்கப்படும்; 30-க்கு நகராது. 5 மாதங்கள் நினைவூட்டலே இருக்காது. கடன் தவணைக்கு 28 என்று போடுங்கள். ஐபோனில் தனிப்பயன் தேர்வுக்குள் மாதத்தின் கடைசி நாள் என்றே கொடுக்க முடியும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது திதி. அப்பாவின் திதியை ஆண்டுதோறும் திரும்பும்படி போட்டுவிட்டு, அடுத்த வருடம் தவறான நாளைக் காட்டுகிறது என்பார்கள். திரும்பும் விதி ஆங்கிலத் தேதியைத்தான் பிடித்துக்கொள்ளும். திதியோ சந்திரனைப் பார்த்து வருவது. நட்சத்திரப் பிறந்தநாளும் அப்படியே. சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அந்த ஆண்டுக்கானவற்றை ஒரே மூச்சில், திரும்பாத நிகழ்ச்சிகளாகக் குறித்து வைப்பதுதான் வழி. ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டலும் சேர்த்தால் புரோகிதரிடம் சொல்ல அவகாசம் இருக்கும்.

"ஒரே நிகழ்ச்சி இரண்டு முறை தெரிகிறது"

எதையும் அழிக்காதீர்கள். இரண்டையும் தொட்டு, கீழே எந்தக் கேலண்டர் என்று இருக்கிறது எனப் பாருங்கள். பெயர் வேறு வேறாக இருந்தால் ஒரே கணக்கு இரண்டு வழிகளில் போனுக்குள் வந்திருக்கிறது. அலுவலகக் கணக்கு அவுட்லுக் செயலியிலும், போனின் அமைப்புகளில் எக்ஸ்சேஞ்ச் கணக்காகவும் இருப்பது வழக்கமான உதாரணம். ஒன்றில் கேலண்டர் ஒத்திசைவை அணையுங்கள். விடுமுறை நாட்கள் இரட்டிப்பாக வந்தால் ஒரு விடுமுறைக் கேலண்டரின் டிக்கை எடுத்தால் தீர்ந்தது.

அழிக்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் நீங்கள் என்றால், அழித்தால் எல்லோருக்கும் ரத்து ஆகும். அழைக்கப்பட்டவர் என்றால், வரவில்லை என்று பதில் போய்விடும். இரட்டைக் குறிப்பைத் துடைக்கப்போய் மேலாளரின் கூட்டத்தை மறுத்தவராக ஆகிவிடுவீர்கள்.

"நான் போடாத நிகழ்ச்சிகள் வருகின்றன"

விமானப் பயணம், ஹோட்டல் போன்றவை என்றால் ஜிமெயில் கடிதத்தைப் படித்துத் தானாகச் சேர்த்திருக்கிறது. கேலண்டர் அமைப்புகளில் 'ஈவென்ட்ஸ் ஃப்ரம் ஜிமெயில்' அணைக்கலாம். பரிசு விழுந்தது, போனில் வைரஸ் என்று வந்தால் அது மோசடி. உள்ளே இருக்கும் இணைப்பைத் தொடவேண்டாம்; 'மறுக்கிறேன்' என்றும் கொடுக்கவேண்டாம், முகவரி உயிரோடு இருக்கிறது என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். கூகுள் கேலண்டரில் அழைப்புகளைச் சேர்ப்பது பற்றிய அமைப்பில், தெரிந்தவர் அனுப்பினால் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் இது பெரும்பாலும் ஏதோ ஒரு வலைப்பக்கத்தில் தவறுதலாகத் தொட்டுச் சேர்ந்த சந்தாக் கேலண்டர். கேலண்டர்ஸ் பட்டியலில் அதன் பக்கத்தில் 'i' என்று இருக்கும் வட்டத்தைத் தொட்டு, கேலண்டரையே நீக்கினால் நூறு நிகழ்ச்சிகளும் ஒன்றாகப் போகும்.

"நிகழ்ச்சி இருக்கிறது, நினைவூட்டல் அடிக்கவில்லை"

2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலியும் அறிவிப்புக்கு அனுமதி கேட்க வேண்டும். ஏதோ ஒரு அவசரத்தில் 'வேண்டாம்' கொடுத்திருப்பீர்கள். அது சரியாக இருந்தால், பகிரப்பட்ட கேலண்டரா என்று பாருங்கள். மனைவி போட்ட நிகழ்ச்சி உங்கள் போனில் தெரியும், ஆனால் அந்தக் கேலண்டருக்கு உங்கள் பக்கம் நினைவூட்டல் தனியாக வைத்தால்தான் அடிக்கும். விடியற்காலை ரயிலுக்குக் கேலண்டரை நம்பாதீர்கள். அது ஒருமுறை 'டிங்' என்று சொல்லிவிட்டு அடங்கும், அலாரம்தான் எழுப்பும்.

குடும்பத்துக்கென்று ஒரு கேலண்டர் வைப்பவர்கள் அதைக் கணினி பிரவுசரில் தனியாக உருவாக்கி, பகிரும்போது 'மேக் சேஞ்சஸ் டு ஈவென்ட்ஸ்' என்ற அனுமதியைக் கொடுங்கள். அதற்குக் குறைந்த அனுமதி கொடுத்தால் மற்றவர் பார்க்கலாம், எழுத முடியாது. பெறுபவர் தமக்கு வரும் கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொட்டால்தான் கேலண்டர் அவர் பட்டியலில் சேரும் என்பதையும் போனில் சொல்லிவிடுங்கள். ஒரே ஜிமெயில் கணக்கை வீட்டில் நான்கு பேர் வைத்துக்கொள்வதை நான் ஆதரிப்பதில்லை. பிள்ளையின் டியூஷனுக்கு அப்பாவின் போன் அலுவலகத்தில் அடிக்கும்.

எதற்கும் மசியாவிட்டால்

இப்போது கணக்கை நீக்கிச் சேர்க்கலாம். நீக்குமுன் அவுட்பாக்ஸ் காலியா, போனுக்கு மட்டும் உரிய கேலண்டரில் எதுவும் மிஞ்சியிருக்கிறதா, பாப் கணக்கு ஏதேனும் இருக்கிறதா, அண்மையில் எழுதிய நிகழ்ச்சிகளும் தொடர்பு எண்களும் பிரவுசரில் தெரிகின்றனவா என்று பாருங்கள். கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா, இரண்டு படிச் சரிபார்ப்புக்கான எண் கையில் இருக்கிறதா என்பதையும் பிரவுசரில் ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து உறுதிசெய்யுங்கள். ஆண்ட்ராய்டில் 'கேலண்டர் ஸ்டோரேஜ்' என்ற அமைப்புச் செயலியின் தரவை அழிப்பதும் இதே வகை வைத்தியம். போனில் மட்டும் இருக்கும் நிகழ்ச்சிகளை அதுவும் விழுங்கும். நீக்கி, போனை அணைத்து இயக்கி, சேர்த்தபின் சார்ஜில் போட்டு வைஃபையில் விட்டுவிடுங்கள். பெரிய அஞ்சல் பெட்டி நிரம்ப நேரம் எடுக்கும். நடுவில் மறுபடி நீக்காதீர்கள்.

ஏற்கெனவே அழித்துவிட்டு இதைப் படிப்பவர்கள் கூகுள் கேலண்டரைக் கணினி பிரவுசரில் திறந்து, அமைப்புச் சக்கரத்துக்குள் 'டிராஷ்' பாருங்கள். ஜிமெயிலைப் போல அங்கேயும் 30 நாள் வரை கிடக்கும். ஐகிளவுட் என்றால் அதன் வலைத்தளத்தில் 'டேட்டா ரிகவரி' பகுதியில் கேலண்டர்களின் பழைய பதிப்பை மீட்கலாம். ஆனால் அது இப்போதுள்ள கேலண்டர்கள் முழுவதையும் அந்தப் பழைய நிலைக்கு மாற்றிவிடும். அந்தத் தேதிக்குப் பிறகு எழுதியவற்றை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள்.